இன்னைக்கு எந்த வாட்ச்?

மக்களே, ஒரு சின்ன கணக்கெடுப்பு. உங்க ஹாஸ்டல் அலமாரியில இப்ப எத்தனை வாட்ச் இருக்கு? ஒன்னுதான்னு சொல்றவங்க அடுத்த பக்கத்துக்குப் போயிடாதீங்க, கட்டுரையோட பாதிக்கு மேல உங்களைப் பத்தித்தான். மூணு, நாலுன்னு சொல்றவங்களோடதான் எனக்குச் சண்டை. ஆறுக்கு மேலன்னா ஒரே ஒரு கேள்வி: உங்க வீட்டுல தெரியுமா?

ரெண்டு வருஷமா நம்ம காலேஜ்ல இந்த வாட்ச் கிறுக்கு நல்லாவே பரவியிருக்கு. முதல்ல ஒரு கேசியோ. அப்புறம் பழைய எச்.எம்.டி. ஒன்னு. அப்புறம் ஆஃபர்ல வந்ததுன்னு ஒரு டைட்டன். இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்ட் வந்ததும் சீக்கோ 5. அதுக்கப்புறம் இதையெல்லாம் வைக்க ஒரு பெட்டி. பெட்டியில பன்னிரண்டு குழி இருக்கும், நாலுதான் நிரம்பியிருக்கும், மீதி எட்டும் நம்மளைப் பார்த்துக்கிட்டே இருக்கும். இதுல நான் யாரையும் குறை சொல்லல. சினிமாவுக்கும் பிரியாணிக்கும் போற காசு வாட்சுக்குப் போகுது, அவ்வளவுதான்.

என் பிரச்சினை வாங்குறதுல இல்ல, காலையில தேர்ந்தெடுக்கிறதுல இருக்கு. எட்டரைக்கு முதல் ஹவர். எட்டு இருபதுக்கு ஒருத்தன் பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு நிற்கிறான். இது சட்டைக்கு மேட்ச் ஆகுமா? நேத்து இதைத்தானே கட்டினேன்? இன்னும் ஸ்டோரியில போடாதது எது? இந்த மூணு கேள்வியும் தப்பான கேள்விங்கிறது என் கருத்து. கேட்க வேண்டிய கேள்வி ஒன்னுதான்: இன்னைக்கு என் கைக்கு என்ன வேலை?

பல வருஷமா வாட்ச் சேர்க்கிறவங்க என்ன செய்றாங்கன்னு முதல்ல பார்க்கலாம். சிலர் பெட்டியில இடதுல ஆரம்பிச்சு வலது வரைக்கும் வரிசையா கட்டுவாங்க. சிலர் ஒரு வாட்சை வாரம் முழுக்கக் கட்டிட்டு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாத்துவாங்க. சிலர் மனசுக்குத் தோணினதை எடுப்பாங்க, தோணுறது எப்பவும் அதே ரெண்டாத்தான் இருக்கும், மத்தது தூங்கும். ஆபீஸுக்கு ஒன்னு, கல்யாணத்துக்கு ஒன்னு, மழைக்கு ஒன்னுன்னு பிரிச்சு வச்சிருக்கிறவங்களும் உண்டு. இதுல எது சரின்னு ரசனையை வச்சு முடிவு பண்ண வேண்டியதில்லை, வாட்சுக்குள்ள இருக்கிற மெக்கானிசமே பாதி முடிவைச் சொல்லிடும்.

சாவி கொடுக்கிற வாட்ச்ல ஒரு மெயின் ஸ்பிரிங் இருக்கு. முழுசா முறுக்கினா சாதாரண வாட்ச் ஏறக்குறைய 40 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை ராத்திரி சாவி கொடுத்துட்டு ஊருக்குப் போனா ஞாயிறு மதியம் நின்னுடும். ஆட்டோமேட்டிக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான், கையசைவுல தானா முறுக்கிக்கும், கழட்டி வச்சா ரெண்டு நாள்ல தூங்கிடும். அப்ப நாலு மெக்கானிக்கல் வாட்சை தினம் ஒன்னா மாத்துறவனுக்கு ஒவ்வொரு நாளும் காலையில நின்னுபோன வாட்ச்தான் கிடைக்கும். அதுல டேட் வேற இருந்தா தீர்ந்தது. பழைய வாட்ச்ல டேட் சக்கரம் ராத்திரி 9 மணியில இருந்து 3 மணி வரைக்கும் மெதுவா பல்லுல மாட்டியிருக்கும். அந்த நேரத்துல டேட்டைத் தனியா திருகினா பல்லு போக வாய்ப்பிருக்கு. நின்னுபோன வாட்ச் பத்துல நிக்குதுன்னா அது ராத்திரி பத்தா, காலை பத்தான்னு பார்த்தவுடனே தெரியாது. அதனால முள்ளை முன்னால திருகி, எப்ப டேட் மாறுதுன்னு பார்த்து, அப்புறம் முள்ளை ஆறு மணிப்பக்கம் கொண்டுபோய் டேட் வைக்கணும். இதையெல்லாம் எட்டு இருபதுக்கு யார் செய்வா? யாரும் செய்றதில்லை. அதனாலதான் நம்ம கிளாஸ்ல மூணு பேர் கையில மூணு தேதி.

இங்கதான் எச்.எம்.டி. ஜனதா ஜெயிக்குது. அதுல தேதியும் இல்ல, கிழமையும் இல்ல. பல்லு விளக்கிட்டு வந்து முப்பது தடவை திருகினா போதும், போனைப் பார்த்து நேரம் வச்சா வேலை முடிஞ்சது. 17 ஜுவல், ஒரு செகண்டுக்கு அஞ்சு டிக், அதாவது மணிக்கு 18,000. நம்ம குவார்ட்ஸ் வாட்ச்ல இருக்கிற கிரிஸ்டல் செகண்டுக்கு 32,768 தடவை அதிரும். ரெண்டின் அடுக்கு பதினஞ்சு, டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ்ல ஃபிளிப் ஃபிளாப் படிச்சப்ப பார்த்திருப்பீங்க. பதினஞ்சு தடவை பாதியாக்கினா செகண்டுக்கு ஒன்னு. கணக்கு அழகா இருக்கு, நேரமும் மாசத்துக்குச் சில செகண்டுதான் தவறும். ஜனதா ஒரே நாள்ல அந்த அளவுக்குத் தவறும். ஆனா காலேஜ் பெல்லே ரெண்டு நிமிஷம் தவறி அடிக்கிற இடத்துல இது யாருக்கு உறைக்கப்போகுது?

எச்.எம்.டி.ன்னா இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ். 1953-ல பெங்களூருல ஆரம்பிச்சப்ப அவங்க வேலை வாட்ச் இல்ல, லேத் மாதிரி இயந்திரங்கள் செய்றது. 1961-ல ஜப்பானோட சிட்டிசன் கம்பெனியோட சேர்ந்து வாட்ச் ஃபேக்டரி போட்டாங்க. அப்புறம் இருபது இருபத்தஞ்சு வருஷத்துக்கு இந்தியாவுல வாட்ச்னாலே எச்.எம்.டி.தான். நம்ம தாத்தாக்கள் கல்யாண போட்டோவை எடுத்துப் பாருங்க, மாப்பிள்ளை இடது கையை ஏன் அவ்வளவு விறைப்பா முன்னால வச்சிருக்கார்னு புரியும். 1984-ல டாடாவும் நம்ம தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூர்ல ஃபேக்டரி கட்டி, குவார்ட்ஸை நம்பி இறங்கினாங்க. சாவி கொடுக்கிற காலம் முடிஞ்சது. 2016 ஜனவரியில எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதுக்கப்புறம்தான் எல்லாருக்கும் அது மேல பாசம் வந்துச்சு. இது நம்ம நாட்டு வழக்கம்.

லேத்னு சொன்னதும் ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப் ஞாபகம் வந்திருக்கணும். காக்கிச் சட்டை, ஷூ, அப்புறம் இன்ஸ்ட்ரக்டர் சொல்ற முதல் வார்த்தை: வாட்சைக் கழட்டு, மோதிரத்தைக் கழட்டு, கையில கயிறு கட்டியிருந்தா உள்ள தள்ளு. சுத்துற சக்குல செயின் மாட்டினா மெஷின் நிக்காது, கைதான் போகும். எலெக்ட்ரிக்கல் லேப்லயும் அதேதான், ஸ்டீல் செயின் ஒரு நல்ல கண்டக்டர். லேத் செஞ்ச கம்பெனியே வாட்சும் செஞ்சுது, ஆனா அந்த லேத் முன்னால அந்த வாட்சைக் கட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும்.

ஆக, தேர்ந்தெடுக்கிறதுல முதல் படி எந்த வாட்ச்ங்கிறது இல்ல, இன்னைக்கு வாட்ச் கட்டலாமாங்கிறதுதான். கேட் எக்ஸாம் எழுதப் போறீங்களா? வாட்சே ஹாலுக்குள்ள கூடாது, மீதி நேரத்தை ஸ்கிரீனே காட்டும். நீட் எழுதின தம்பி தங்கச்சிகளைக் கேளுங்க, அங்கயும் வாசல்லயே கழட்டணும். செமஸ்டர் எக்ஸாம்ல ஸ்மார்ட்வாட்ச் ஆகாது, முள்ளு வச்ச வாட்ச் ஆகும். பிராக்டிக்கல்ல மெஷினைப் பொறுத்து. ஒரு வாரத்துல நம்ம கை எங்கெங்க போகுதுன்னு பார்த்தாலே பாதி நாளுக்கு விடை வந்திடும்.

இந்தக் கேள்வியை நான் கண்டுபிடிக்கல. எங்க ஊர்ப்பக்கம் ஒரே ஒரு வாட்ச் வச்சிருக்கிறவங்க தினமும் கேட்கிற கேள்வி இது. எனக்கு ஊர் சாத்தூர் பக்கம் இருக்கன்குடி. மாரியம்மன் கோயில்னா உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். சுத்துப்பட்டுல பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகாத வீடு குறைவு. எங்க அப்பாவும் பட்டாசு ஆலைக்குப் போறவர்தான். அவர்கிட்ட இருக்கிறது கல்யாணத்துக்கு வந்த ஒரு டைட்டன், ஸ்டீல் செயின். வேலை நாள்ல அது வீட்டுச் சுவத்துல ஆணியில தொங்கும். ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் பஜாருக்குப் போகும்போது, கல்யாண வீட்டுக்கு, கோயிலுக்கு, பேங்குக்கு, என் காலேஜ் அட்மிஷனுக்கு வந்தப்போ, இந்த மாதிரி நாள்ல மட்டும் கையில ஏறும்.

சின்ன வயசுல அது சிக்கனம்னு நினைச்சிருந்தேன். தேய்ஞ்சிடும்னு எடுத்து வைக்கிறார்னு. பிளஸ் டூ படிக்கும்போதுதான் கேட்டேன். மருந்து புழங்குற இடத்துக்கு இரும்பு ஆகாதுப்பான்னு சொன்னார். ஆலைக்குள்ள தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் போகக் கூடாது. மருந்து கலக்குற இடத்துல கருவிகூட மரம், பித்தளைன்னுதான் இருக்கணும், இரும்பு எதுலயாவது உரசி பொறி வந்திடக் கூடாதுன்னு. நைலான் சட்டைகூட கூடாது, பருத்திதான், உடம்புல நிலைமின்சாரம் சேரக் கூடாதில்லையா. நாம ஃபிசிக்ஸ் லேப்ல சீப்பைத் தலையில தேய்ச்சுக் காகிதத்தை ஒட்ட வச்சு விளையாடின அதே விஷயம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவர் மணிக்கட்டு வரைக்கும் அலுமினியப் பவுடர் வெள்ளியா மின்னும். சோப்புப் போட்டாலும் ரேகைக்குள்ள இருக்கிறது போகாது.

எங்க பக்கம் தூரத்துல ஒரு சத்தம் கேட்டா ரெண்டு கேள்விதான் வரும். எந்தத் திசை? மணி என்ன? சாப்பாட்டு நேரம்னா ஆளுங்க ஷெட்டை விட்டு வெளிய இருந்திருப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை. காலையில பத்துன்னா எல்லாரும் உள்ளதான். அம்மா அடுப்படியை விட்டு வெளிய வந்து முதல்ல பார்க்கிறது அந்த ஆணியில தொங்குற வாட்சைத்தான். அது அங்க இருந்தா அப்பா வேலைக்குப் போயிருக்கார்னு அர்த்தம். அவர் வேலைக்குப் போனது அம்மாவுக்குத் தெரியாதா என்ன? தெரியும். இருந்தாலும் பார்ப்பாங்க.

அதனால நம்ம பசங்க ஒருத்தன் எந்த வாட்ச்னு அரை மணி நேரம் யோசிச்சேன் மச்சின்னு சொல்லும்போது எனக்குக் கோபம் வரல, ஒரு சந்தேகம்தான் வருது. எதை வச்சு யோசிச்ச?

சரி, கட்டலாம்னு முடிவாகிடுச்சு. அடுத்து தண்ணி. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி வந்திருக்கீங்களா? அர்ச்சுனா நதியும் வைப்பாறும் ஒன்னுசேர்ற இடம், இரு கங்கைக்குடின்னு சொல்லி அதுதான் இருக்கன்குடி ஆச்சும்பாங்க. பாதயாத்திரையா, வண்டியா, பஸ்ஸா கூட்டம் வந்துக்கிட்டே இருக்கும். அக்கினிச்சட்டி, முடிகாணிக்கை, குளிச்சு ஈரத்துணியோட சாமி கும்பிடுறது. இதுல வருஷா வருஷம் நான் பார்க்கிற காட்சி, கண்ணாடிக்கு உள்ள ஆவி பிடிச்ச வாட்சை வெயில்ல காட்டிக்கிட்டு நிக்கிற ஒரு அண்ணன். கேட்டா வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர்னு பின்னால எழுதியிருக்கேம்பார். அந்த 30 மீட்டர், முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம்ங்கிற அர்த்தத்துல எழுதினது இல்ல. 3 பார் அழுத்தத்துக்குச் சோதிச்சிருக்காங்கன்னு அர்த்தம். நடைமுறையில கை கழுவலாம், மழையில நனையலாம், அவ்வளவுதான். முங்கிக் குளிக்க 100 மீட்டராவது வேணும். அதுவும் உள்ள இருக்கிற ரப்பர் வளையம் நல்லா இருக்கிற வரைக்கும்தான், வருஷம் போகப் போக அது இறுகி வெடிச்சிடும். எல்லாரும் கல்லுமாதிரின்னு நினைக்கிற கேசியோ எஃப்-91டபிள்யூ, 1989-ல வந்தது, பேட்டரி 7 வருஷம் வரும், ஆனா அதுவும் தண்ணி தெறிச்சா தாங்குற ரகம்தான். ஆத்துல இறங்கணும்னா 200 மீட்டர் ஜி-ஷாக் கட்டுங்க, இல்லன்னா வாட்சை அம்மா கைப்பைக்குள்ள போட்டுட்டு இறங்குங்க. அக்கினிச்சட்டி எடுக்கிறவங்க எதுவுமே கட்டாதீங்க. லெதர் வார் தாங்காது, ஸ்டீல் சுடும்.

வார்னு சொன்னதும் வெயில். விருதுநகர் மாவட்டத்து சித்திரை மாசத்துல லெதர் வார் கட்டுறவனுக்கு ஒரு மாசத்துல அது உப்பு பூத்து நாறும். யூடியூப்ல லண்டன்காரர் கோட்டுக்குக் கீழ பிரவுன் லெதர் அழகா இருக்குன்னு சொல்றார்னா, அவருக்கு வேர்க்காது. மார்ச்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் நைலான் வாரோ ரெசினோ ஸ்டீலோ போட்டுக்கோங்க, மழைக்காலம் வந்ததும் லெதருக்குப் போங்க. இதைவிடப் பெரிய ஸ்டைல் டிப்ஸ் எனக்குத் தெரியாது.

இங்க ஒரு எதிர்ப்பு வரும்னு தெரியும். வாட்ச் வெறும் கருவியாடா? அது நான் யாருன்னு மத்தவங்களுக்குச் சொல்லுதில்லையா? சொல்லுது, ஒத்துக்கிறேன். 2022 டிசம்பர் ஞாபகம் இருக்கா? அப்போ பா.ஜ.க. மாநிலத் தலைவரா இருந்த அண்ணாமலை கட்டியிருந்த பெல் அண்ட் ராஸ் ரஃபேல் வாட்ச். அந்தப் போர் விமானத்தின் பேர்ல வந்த, உலகத்துக்கே 500 மட்டும் செஞ்ச வாட்ச். அவர் அதை தேசப்பற்றுன்னு சொன்னார், தி.மு.க. தரப்பு பில் எங்கன்னு கேட்டது, 2023 ஏப்ரல்ல அவர் பில்லை வெளியிட்டார். யார் பக்கம் நியாயம்ங்கிறதுக்குள்ள நான் போகல, அது வேற கட்டுரை, வேற ஆள் எழுதட்டும். எனக்கு அதுல பிடிச்சது ஒன்னுதான். கட்டினவர் ஒரு அர்த்தத்துல கட்டினார், பார்த்தவங்க வேற அர்த்தத்துல படிச்சாங்க. மணிக்கட்டுல கட்டினதுக்கு அப்புறம் அது என்ன சொல்லணும்ங்கிறது நம்ம கையில இல்ல.

பிளேஸ்மென்ட் இன்டர்வியூவுக்கு இது நேரடியா பொருந்தும். தங்கக் கலர்ல மின்னுற பெரிய குரோனோகிராஃப் கட்டிக்கிட்டு, சம்பளம் எதிர்பார்ப்பு என்னன்னு கேட்டா மூன்றரைன்னு சொல்றது எப்படி இருக்கும்? ஸ்மார்ட்வாட்ச் அதைவிட மோசம். நீங்க செல்ஃப் இன்ட்ரோ சொல்லும்போது அது அதிரும், கண்ணு தானா கீழ போகும், எதிர்ல இருக்கிறவருக்கு நீங்க நேரம் பார்த்த மாதிரி இருக்கும். வெள்ளை டயல், சாதாரண வார், சத்தம் போடாத ஏதாவது ஒன்னு போதும். அப்பா வாட்சா இருந்தாலும் சரி.

இப்ப கொஞ்சம் கசப்பான விஷயம். நம்ம காலேஜ்ல சுத்துற எச்.எம்.டி.கள்ல பாதிக்கும் மேல மும்பை ஸ்பெஷல்னு நான் சந்தேகப்படுறேன். வாட்ச் சேர்க்கிறவங்க வச்ச பேர் இது. பத்து செத்துப்போன வாட்ச்ல இருந்து ஓடுற பாகங்களைப் பொறுக்கி, கேஸை மழமழன்னு பாலிஷ் போட்டு, டயலை அழிச்சுப் புதுசா பிரின்ட் பண்ணி, ஆயிரத்துச் சில்லறைக்கு விற்பாங்க. ஆரஞ்சு டயல், பச்சை டயல், நடுவுல கொடி, ஏதோ ஒரு தலைவர் படம். எழுத்தை லென்ஸ் வச்சுப் பாருங்க, ஒரிஜினல்ல மயிரிழை மாதிரி இருக்கும், இதுல மை ஊறி தடியா இருக்கும். விலை குறைவா இருக்குன்னா, தாத்தா காலத்து வாட்ச்னு நம்பாம, தெரிஞ்சு வாங்கினா தப்பில்ல. ஆனா அந்த மாதிரி நாலு வாங்கிப் பெட்டியை நிரப்பிட்டு, தினம் காலையில நாலுல எதுன்னு யோசிக்கிறது எனக்கு வேடிக்கையா இருக்கு. நாலுலயும் உள்ள இருக்கிறது ஒரே மூவ்மென்ட். உங்க தேர்வு பெயின்ட்டைப் பத்தினது.

அதுக்குப் பதிலா வீட்டு பீரோவைத் திறங்க. தாத்தாவோட வாட்ச், இல்ல பெரியப்பாவோட வாட்ச் ஒன்னு பட்டுப்புடவைக்குக் கீழ, பழைய பாஸ்புக்கோட கிடக்கும். கட்டாதடா, தாத்தா ஞாபகமா இருக்கட்டும்னு பாட்டி சொல்லுவாங்க. இங்க நான் பாட்டிகளோட முரண்படுறேன். அந்த வாட்சைக் கட்டணும்.

ஆனா எடுத்த உடனே சாவி கொடுத்துடாதீங்க. இருபது வருஷமா படுத்திருந்த வாட்ச்ல எண்ணெய் காய்ஞ்சு கோந்து மாதிரி ஆகியிருக்கும். ஓடும், டிக் டிக்னு சந்தோஷமாவே ஓடும், உள்ள இருக்கிற அச்சு முனைகள் எண்ணெய் இல்லாம தேயும். முதல்ல சர்வீஸ். எங்க பக்கம் வாட்ச் ரிப்பேர் கடைன்னா மாடிப்படிக்குக் கீழ ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு அண்ணாச்சி, கண்ணுல சொருகின லென்ஸ். பேட்டரி மாத்துறதும் வார் மாத்துறதும்தான் இப்ப அவருக்குப் பெரும்பாலும் வேலை. சாவி கொடுக்கிற வாட்சைக் கொண்டுபோய்க் கொடுத்தா அவர் முகம் மாறுறதைப் பார்க்கணும். பின்மூடியைத் திறந்தவுடனே அவர் பேச ஆரம்பிச்சுடுவார். மூடியோட உள்பக்கம் பழைய ரிப்பேர்காரங்க ஊசியால கீறி வச்ச தேதிகள்கூட சில வாட்ச்ல இருக்கும், எந்த வருஷம் சர்வீஸ் ஆச்சுன்னு. உங்க தாத்தா எந்த வருஷம் கடைசியா அதுக்குச் செலவு பண்ணினார்னு வீட்டுல யாருக்கும் தெரியாத விஷயம் அங்க எழுதியிருக்கலாம். பாகம் கிடைக்கிறது கஷ்டம்னு அண்ணாச்சி முதல்லயே சொல்லிடுவார், வேற வாட்ச்ல இருந்து எடுத்துப் போடுறதுக்கு முன்னால உங்களைக் கேட்கச் சொல்லுங்க. பழைய டயலை மட்டும் புதுசு பண்ண ஒத்துக்காதீங்க. அந்த மஞ்சள் கறையும் உங்க தாத்தாவோடதுதான்.

கட்டிட்டுத் தொலைச்சிட்டா? விழுந்து உடைஞ்சா? இது பாட்டியோட கேள்வி, நியாயமான கேள்வி. அதனாலதான் நாளைப் பார்த்துக் கட்டச் சொல்றேன். ஒர்க்‌ஷாப் நாள் வேண்டாம், கிரிக்கெட் வேண்டாம், பஸ்ல படிக்கட்டுல தொங்கிக்கிட்டுப் போற நாள் வேண்டாம். வகுப்பு மட்டும் இருக்கிற நாள்ல கட்டுங்க, வாரத்துக்கு ஒரு நாளாவது. நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு சர்வீஸ். இதைத் தாண்டியும் ஒரு நாள் அது நிக்கும்தான். பீரோவுக்குள்ள அது இப்பவே நின்னுதான் இருக்கு.

உலகத்துலயே அதிக விலைக்குப் போன வாட்ச்கள்ல ஒன்னோட கதை இங்க பொருத்தமா இருக்கும். ஹாலிவுட் நடிகர் பால் நியூமனுக்கு அவர் மனைவி ஜோன் உட்வர்ட் கொடுத்த ரோலக்ஸ் டேடோனா. கார் ரேஸுக்குப் போறவர், பாத்து ஓட்டுன்னு பின்னால பொறிச்சுக் கொடுத்தாங்க. அவர் அதைப் பெட்டியில வைக்கல, வருஷக்கணக்கா கட்டினார். 1984-ல மகளோட நண்பன் ஒரு பையன் வீட்டுத் தோட்டத்துல வேலை பார்த்துக்கிட்டிருந்தப்போ மணி என்னப்பான்னு கேட்டார். தெரியாது, வாட்ச் இல்லன்னான் பையன். நியூமன் கையில இருந்ததைக் கழட்டிக் கொடுத்துட்டார், சாவி கொடுக்க மறக்காதன்னு சொல்லி. அந்தப் பையனும் வருஷக்கணக்கா அதைச் சாதாரணமா கட்டிக்கிட்டுத் திரிஞ்சான். 2017 அக்டோபர்ல நியூயார்க் ஏலத்துல அது ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல போச்சு. நம்ம ஜனதா அந்த விலைக்குப் போகாது, கவலைப்படாதீங்க. நான் சொல்ல வந்தது ஏல விலையை இல்ல. கேட்டவுடனே கழட்டிக் கொடுக்கிற மாதிரி அவர் அதைக் கையில வச்சிருந்தார் பாருங்க, அதை.

அதனால பெட்டிக்காரங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டைம் டேபிளைப் பாருங்க, வாரத்துக்கு ஒரு வாட்ச் எடுங்க, லேப் நாளுக்குக் கழட்டி வைங்க. தினம் மாத்துறவங்க அதை விட்டுடுங்க. அப்படி ஒரு செமஸ்டர் போனப்புறமும் ஒரு தடவைகூட கைக்கு வராத வாட்ச் ஒன்னு பெட்டியில இருக்கும், நிச்சயமா இருக்கும். அதை ஆன்லைன்ல பாதி விலைக்குத் தள்ள வேண்டாம்.

செமஸ்டர் எக்ஸாம் வருது. எல்லா ஹால்லயும் சுவர்க் கடிகாரம் இல்ல, இருக்கிறதுலயும் சிலது நின்னு மாசக்கணக்கா ஆச்சு. ஃபர்ஸ்ட் இயர் பசங்கள்ல ஸ்மார்ட்வாட்ச் மட்டும் வச்சிருக்கிறவங்க, இல்ல வாட்சே இல்லாதவங்க இருப்பாங்க, மூணு மணி நேரமும் இன்விஜிலேட்டர்கிட்ட டைம் என்ன சார்னு கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. உங்க ஹாஸ்டல் ஃப்ளோர்லயே ஒருத்தர் இருப்பாங்க. மெஸ்ல கேட்டுப் பாருங்க.